வெளுத்த சாம்பலும் காசிம் பாயின் சுண்ணாம்பும்

எங்கள் கட்டிட மேஸ்திரிகள் சங்கத்து ஆண்டு மலருக்குத் தொழில் அனுபவம் எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கரண்டி பிடித்த கைக்குப் பேனா பிடிக்க வரவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. எழுத உட்கார்ந்தால் எத்தனையோ கட்டிடங்களை விட்டுவிட்டு ஒரே ஒரு ஷெட்டின் தரைதான் முன்னால் வந்து நிற்கிறது. அந்தத் தரையால் பல்லடத்துச் சுண்ணாம்பு வியாபாரி காசிம் பாய் என்கிற நல்ல மனிதரின் பெயர் கெட்டது. தரை கெட்டது அவருடைய சுண்ணாம்பால்தான் என்று நாற்பது வருடமாக எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை. போன தை மாதம்தான் சந்தேகம் வந்தது. வந்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

தை மாதத்தில், உமிச் சாம்பலை மூட்டை கட்டி விற்கிற ஒரு கம்பெனிக்காரர்கள் திருப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் மேஸ்திரிகளைக் கூப்பிட்டு விருந்து வைத்தார்கள். கருமண்ணைக் கட்டுப்படுத்த இதைச் சுண்ணாம்போடு கலக்கலாம், கான்கிரீட்டிலும் போடலாம் என்று படம் போட்டுக் காட்டினார்கள். அடுப்புச் சாம்பலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எழுபதுகளின் ஆரம்பத்திலேயே இந்தக் கையால் அதைச் செய்தவன் நான். மேடையில் இருந்த தம்பி இரண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் சாம்பலைக் கொட்டினான். ஒன்று சாம்பல் நிறம், இன்னொன்று நல்ல வெள்ளை. "இதுல எது வேலைக்கு ஆகுமுங்க?" என்று கேட்டான். எல்லாருக்கும் முன்னால் கையைத் தூக்கி, "வெள்ளைதானுங்க" என்றேன்.

"இல்லீங்கய்யா. அது சூடு மிஞ்சி வெந்து போன சாம்பலுங்க. சுண்ணாம்போட சேராது. மணலைப் போட்ட மாதிரிதான். உயிர் இருக்கறது இந்தச் சாம்பக் கலர்லதானுங்க."

கை தூக்கியது தூக்கியபடியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர் இழுத்து இறக்கிவிட்டார். அன்று மண்டபத்தில் நான் சாப்பிடாமல் வந்தேன். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை காகிதமும்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதல்ல. ஐம்பதுகளின் நடுவில் கலவை சுமந்தேன், பிறகு செங்கல் எடுத்துக் கொடுத்தேன், பிறகு கரண்டி பிடித்தேன். மேஸ்திரி ஆனபோது மீசை சரியாக முளைத்திருந்தது, அவ்வளவுதான். அப்பன் முருகனைக் கும்பிடாமல் ஒரு கயிறு பிடித்ததில்லை. நெற்றியில் திருநீறு இல்லாமல் வேலை இடத்துக்குள் கால் வைத்ததில்லை. பல்லடம் பக்கத்துக் கருமண்ணில் கட்டிடம் கட்டுகிறவனுக்குச் சாமி துணை கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். சித்திரையில் அந்த மண் வெடித்துக் கிடக்கிற வெடிப்பில் முழங்கை வரை உள்ளே போகும். ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்து ஊதிக்கொள்ளும். ஊதினால் மேலே இருக்கிற தரை, சுவர், வாசற்படி எல்லாவற்றையும் தூக்கும். காய்ந்தால் கீழே விடும். வருடத்துக்கு ஒரு முறை மூச்சு விடுகிற மண்.

முன்பெல்லாம் அந்தப் பக்கம் தறிக் குழிதான், வீடுதான். தரை கொஞ்சம் வெடித்தால் சாணி போட்டு மெழுகிவிட்டுப் பிழைத்தார்கள். பனியன் மெஷின் வந்த பிறகு அது நடக்கவில்லை. துணி பின்னுகிற அந்த வட்ட மெஷின் நூல் பிடித்த மட்டத்தில் நிற்க வேண்டும். தரை ஒரு பக்கம் அரை விரல் தூக்கினாலும் ஊசி உடையும், துணியில் நெடுக்கக் கோடு விழும்.

செல்லமுத்து என்கிற விவசாயி தன் சோளக் காட்டில் நாலு மெஷின் போட ஷெட் கட்ட நினைத்தார். தோட்டத்தில் முன்பு ஒரு மெஷின் போட்டுப் பார்த்து, ஒரே மழைக்கு அது சாய்ந்து கையைச் சுட்டுக்கொண்டவர். "மேஸ்திரி, சோளத்துக்கு நல்ல மண்ணுங்க இது. மெஷினுக்கு ஆகாத மண்ணுன்னு எங்கப்பாருக்குத் தெரியுங்களா? இந்தத் தடவை தரை நிக்கலைன்னா நான் மறுக்காவும் கோவணத்தைக் கட்டீட்டு மாட்டைத்தான் ஓட்டோணும்" என்றார். அவர்தான் சுந்தரம் ஐயாவைக் கூட்டிவந்தார்.

சுந்தரம் ஐயா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சர்க்கார் ரோடு வேலையில் இன்ஜினியராக இருந்து, யாரோடோ ஒத்துப்போகாமல் விலகி வந்து, தனியாகக் கட்டிட வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தார். அவர் மண்ணைக் குச்சியால் கிளற மாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். நறநறத்தால் வண்டல், வழுக்கினால் களி. பிறகு கூஜாத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக் கைக்குட்டையால் துடைத்துக்கொள்வார். வேலைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் மண்ணுத்தின்னி இன்ஜினியர். அது அவருக்கும் தெரியும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரே கேள்வியைக் காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் கேட்பார். மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால் நம்புவார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, துடைத்து, மறுபடி கட்டிக்கொள்வார். அந்த நேரம் யாரும் பக்கத்தில் நிற்க மாட்டோம்.

முதல் நாள் காட்டில் வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வெயிலுக்கு வாயைத் தொறக்குது. மழைக்கு என்ன பண்ணும் மேஸ்திரி?"

"வவுறு ஊதுமுங்க."

"ஊதாம இருக்க மருந்து குடுத்தா?"

"மண்ணுக்கு மருந்துங்களா?"

"சுண்ணாம்பு ஒரு மருந்து. அதோட உமிச் சாம்பல் சேத்தா இன்னும் நல்லாக் கட்டும்னு எனக்கொரு எண்ணம். பாத்துடலாம்ப்பா."

கொமரலிங்கத்தில் நெல் அவிக்கிற ஒரு மில்லின் பின்னால் சாம்பல் மலையாகக் கிடக்கும். ஆற்றுப் பாசனத்து ஊர், நெல்லுக்கும் உமிக்கும் பஞ்சமில்லை. அங்கிருந்து அவரே ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். கருமண்ணை இடித்துச் சலித்து மூன்று உருண்டை பிடிக்கச் சொன்னார். ஒன்று வெறும் மண். ஒன்று சுண்ணாம்பு கலந்தது. ஒன்று சுண்ணாம்பும் சாம்பலும் கலந்தது. எலுமிச்சை அளவு. ஈரச் சாக்கில் சுற்றிப் பத்து நாள் வைத்து, பிறகு மூன்றையும் தண்ணீர் டம்ளரில் போட்டோம். வெறும் மண் உருண்டை காப்பித் தூள் மாதிரி கரைந்தது. சுண்ணாம்பு உருண்டை ஓரம் உதிர்ந்தது. மூன்றாவது அப்படியே கல்லாகக் கிடந்தது. நான் என்னையறியாமல் "முருகா" என்றேன். ஐயா டம்ளரைத் தூக்கி வெயிலில் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

வேலை முறையை எழுதிக் கொடுத்தார். தரை முழுக்க ஒன்றரை அடி மண்ணை எடுத்து வெளியே காயப் போட வேண்டும். கட்டியை உடைத்து மாவாக்க வேண்டும். இருபது கூடை மண்ணுக்கு ஒரு கூடை சுண்ணாம்பு, இரண்டு கூடை சாம்பல். உலர்வாக மூன்று தரம் புரட்டி, தண்ணீர் தெளித்து, ஒரு பிடி பிடித்துப் பார்க்க வேண்டும். கையில் ஒட்டவும் கூடாது, விட்டால் உதிரவும் கூடாது. விரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். ஈரச் சாக்குப் போட்டு இரண்டு நாள் ஊறவிட்டு, அரை அடி அரை அடியாகப் பரப்பித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். "சாம்பலைக் கருப்பாக் கொண்டுவந்துடாதே. கருப்புன்னா வேகலைன்னு அர்த்தம். நல்லா வெந்த சாம்பலாப் பாத்து எடு" என்றார். ஷெட்டைக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று பிரித்துக்கொண்டோம், கிழக்குப் பாதி முதலில்.

அந்தச் சமயத்தில் அவர் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தது. பத்துப் பன்னிரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டார். கிழக்குப் பாதி முழுக்க என் பொறுப்பு.

நான் செய்தது இதுதான். ஒளிக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் சிவராத்திரிக்குத் திருநீறு நாங்களே செய்வோம். சாணி உருண்டையைக் காயவைத்து, உமிக்குள் புதைத்து மூட்டம் போடுவோம். வெந்து வெளுத்ததை எடுத்து, துணியில் சலித்து வைத்துக்கொள்வோம். சாம்பல் நிறமாக இருந்தால் அது இன்னும் வேகவில்லை, மறுபடி தீயில் போட வேண்டும். வெளுக்க வெளுக்கத்தான் சுத்தம். என் கைக்குத் தெரிந்த சாம்பல் பாடம் அதுதான். வேறு பாடம் யாரும் சொல்லித் தரவில்லை.

கொமரலிங்கத்துச் சாம்பல் வண்டியில் வந்து இறங்கியதும் பார்த்தேன். சாம்பல் நிறம். கருப்பு வேகாதது என்றால், இது அரை வேக்காடு என்று என் மனதுக்குப் பட்டது. ஐயா ஊரில் இல்லை. அவர் திரும்பி வந்து பார்க்கும்போது பால் மாதிரி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த என் மைத்துனனிடம் துருத்தி வாங்கி வந்தேன். செங்கல்லை வட்டமாக அடுக்கி, தேங்காய்த் தொட்டியும் சாம்பலும் மாற்றி மாற்றிப் போட்டு ஊதினேன். பித்தளை உருக்குகிற துருத்தி அது. செங்கல்லே சிவந்துவிட்டது. ஆறவைத்துத் திறந்தால் சாம்பல் வெள்ளைவெளேர் என்று, அங்கங்கே இளஞ்சிவப்பு ஓடி, கட்டி கட்டியாகக் கிடந்தது. தட்டிப் பொடித்து என் பழைய வேட்டியில் சலித்தேன். கிழக்குப் பாதிக்கு வேண்டிய அத்தனை கூடையும் இப்படித்தான் செய்தேன். ராப்பகலாக எனக்கு அதே வேலை.

மண் இடிக்கிற பெண்களில் ராமாத்தா வாய்க்காரி.

"ஏனுங் மேஸ்திரி, நெத்தியில வெக்கற சாமானத்தைக் கால்ல மிதிக்கச் சொல்றீங்களே, எங்க மாமியா பாத்தா ஊட்டுக்குள்ள உடுவாளா?"

"இது உமிச் சாம்பலு ஆத்தா. திருநீறு இல்ல."

"சலிக்கறது மட்டும் பூசாரி மாதரயே சலிக்கறீங்கொ!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மிதிக்கும் முன் ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். தப்பாக மிதிக்கிறோமோ என்கிற பயத்துக்கு அது.

சுண்ணாம்பு காசிம் பாயுடையது. பல்லடம் ரோட்டில் சொந்தமாகக் காளவாய் வைத்துக் கல் சுட்டு விற்றார். எனக்கு ஏழெட்டு வயது மூத்தவர். எப்போதும் வெள்ளைக் கைலி, சுண்ணாம்புக்காரன் கைலியில் கறை தெரியாது என்று அவரே சொல்லிக் கேலி செய்துகொள்வார். நல்ல சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டால் புஸ்ஸென்று சீறி, கொதித்து, பூத்து விரியும். காற்றிலோ ஈரத்திலோ கிடந்து செத்துப்போன கல் முன்னாலேயே மாவாக உதிர்ந்திருக்கும், சீறாது. கிழக்குப் பாதிக்கு வந்த முதல் லோடில் கல்லோடு கொஞ்சம் மாவும் இருந்தது. பார்த்தேன். கல் சீறிற்று. வாங்கிக்கொண்டேன். லோடு என்றால் கொஞ்சம் மாவு இருக்கத்தான் செய்யும்.

ஐயா திரும்பி வந்தபோது கிழக்குப் பாதி இடித்து முடிந்து சாக்கு மூடிக் கிடந்தது. கருமண்ணோடு கலந்த பிறகு சாம்பலின் நிறம் எங்கே தெரியும்? மூன்று வேளையும் கேட்டார். "சாம்பல் நல்லா வெந்ததாப்பா?" மூன்று வேளையும் ஒரே பதில்தான் சொன்னேன். "நல்லா வெந்ததுங்கய்யா." மறுபடி சுட்டேன், துருத்தி ஊதினேன் என்று மட்டும் சொல்லவில்லை. கூடுதல் சிரமம் எடுத்ததை எடுத்துச் சொல்வது தற்பெருமை என்று நினைத்தேன். சாமி காரியம் போல அது எனக்குள் இருந்தது.

மேற்குப் பாதிக்கு நேரம் இல்லை. மெஷின் வந்து இறங்கத் தேதி சொல்லிவிட்டார்கள். சாம்பலை வெளுக்க வழியில்லாமல் வந்தபடியே கலந்தோம். சுண்ணாம்பு பாயிடமிருந்து புது லோடு வந்தது, மாவில்லாத கல். மேற்குப் பாதி கொஞ்சம் சுமார்தான் என்று எனக்கு உள்ளுக்குள் வருத்தம். மேலே கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆவணியில் நாலு மெஷினும் ஏறியது. பூசை போட்டோம். செல்லமுத்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. ஒரு நாள் காலையில் சைக்கிளில் ஆள் வந்து நின்றான். ஓடினேன். கிழக்குப் பாதித் தரை குறுக்கே பிளந்து, நடுவில் முதுகு தூக்கி நின்றது. ஒரு மெஷின் சாய்ந்து, உடைந்த ஊசி தரையில் இறைந்து கிடந்தது. மேற்குப் பாதியில் ரசமட்டம் வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பார்த்துப் பார்த்துச் செய்த பாதி பிளந்து கிடக்கிறது, அவசரத்தில் செய்த பாதி அசையாமல் இருக்கிறது.

சுந்தரம் ஐயா இரண்டு பாதியிலிருந்தும் ஒவ்வொரு கட்டி பெயர்த்து டம்ளரில் போட்டார். கிழக்குக் கட்டி கரைந்தது. மேற்கு அப்படியே இருந்தது. கடிகாரத்தைக் கழற்றினார்.

"மண்ணு ஒண்ணு. சாம்பல் ஒண்ணு. இடிச்ச கையும் ஒண்ணு. வேற எதுப்பா மாறியிருக்கு?"

சாம்பல் ஒன்று என்று அவர் சொன்னபோது நான் பேசவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று பேசாமல் இருக்கவில்லை. என் சாம்பல் இன்னும் உயர்ந்தது அல்லவா, உயர்ந்ததைப் போட்டால் எப்படிக் கெடும்? அந்த எண்ணம் என் மண்டையில் நுழையவே இல்லை.

"சுண்ணாம்புங்கய்யா. மொத லோடு கொஞ்சம் மாவா வந்துச்சுங்க."

காசிம் பாயைக் கூட்டிவரச் சொன்னார் செல்லமுத்து. பாய் ஒரு கூடைக் கல்லோடு வந்தார். எல்லாருக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கல் சீறிப் பூத்தது.

"என்ற கல்லு செத்த கல்லாங்க? பாருங்கொ."

"இது இன்னைக்குக் கல்லு பாய். நான் கேக்கறது அன்னைக்கு வந்த கல்லை" என்றார் ஐயா.

செல்லமுத்து பொறுக்கவில்லை. "மாவை ஏத்தியுட்டுக் காசு வாங்கீட்டு, இப்ப வந்து வித்தை காட்டறீங்களா பாய்? என்ற பொழப்பு கெழக்கால சாஞ்சு கெடக்குது, பாத்தீங்களா?"

பாய் என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, எறக்குனது நீங்கதானுங்க. நீங்க சொல்லுங்கொ."

"கொஞ்சம் மாவா இருந்துச்சுங்க பாய்" என்றேன்.

அது நெசம். அதனால் என் நாக்குத் தடுமாறவில்லை. பாய் சண்டை போடுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்து வெறும் கூடையை எடுத்துக்கொண்டு மழைச் சேற்றில் நடந்து போய்விட்டார். மனம் நொந்து போகிறார் என்று நினைத்தேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வேறு என்ன செய்ய?

கிழக்குப் பாதியைத் திரும்பவும் தோண்டினோம். காங்கயம் பக்கத்திலிருந்து வேறு காளவாய்ச் சுண்ணாம்பு தருவித்தார்கள். சாம்பலை வெளுக்க அவகாசம் இல்லை, வந்தபடியே போட்டோம். அடுத்த மழைக்கு அந்தத் தரை அசையவில்லை. இன்று வரை அசையவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும், சுண்ணாம்பை மாற்றினார்கள், தரை நின்றது, கெடுத்தது பாய்தான் என்று முடிவு கட்டினார்கள். சாம்பலும் மாறியிருந்தது என்பது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். தெரிந்தும் அது ஒரு மாற்றம் என்று எனக்கே படவில்லை.

பேச்சு பரவிற்று. மண்ணுத்தின்னி இன்ஜினியரே பல்லில் வைத்துச் சொல்லிவிட்டார் என்று கூட்டிச் சொன்னார்கள். ஒவ்வொரு மேஸ்திரியாகப் பாயின் காளவாயை விட்டார்கள். அதற்கு அடுத்த வருடமே அவர் காளவாயை மூடிவிட்டு, ஒரு பனியன் கம்பெனியில் நூல் பண்டல் எடை பார்க்கிற வேலைக்குப் போய்விட்டார். வழியில் பார்த்தால் நான் கும்பிடுவேன், அவரும் சலாம் வைப்பார். அவ்வளவுதான்.

மண்டபத்திலிருந்து வந்த பிறகு நான் பட்ட பாடு ஆண்டவனுக்குத் தெரியும். அந்தத் தம்பியைத் தேடிப் போய் முழுக் கதையையும் சொல்லிக் கேட்டேன். "சாம்பலாலயும் இருக்கலாமுங்க, சுண்ணாம்பாலயும் இருக்கலாமுங்க. இப்ப அந்தக் கட்டி ஒண்ணு கிடைச்சாத்தான் சொல்ல முடியும்" என்றான். அந்தக் கட்டியை நாங்களே தோண்டிப் பள்ளத்தில் கொட்டிவிட்டோம். சுந்தரம் ஐயாவும் காலமாகிவிட்டார். கோயிலில் பூக் கேட்டேன். சிவப்பும் வெள்ளையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, சிவப்பு வந்தால் என் தப்பு, வெள்ளை வந்தால் பாய் தப்பு என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளை வந்தது. மனம் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டேன். சிவப்பு வந்தது. மூன்றாம் தரம் போடப் பூசாரி விடவில்லை. "சாமி வெளையாடறதுக்குங்களா இருக்குது?" என்று பொட்டலங்களைப் பிரித்துப் பூவைச் சாமிக்கே போட்டுவிட்டார்.

அப்புறம்தான் பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன். வீடு விசாரித்துப் போனேன். பாய் வாசலில் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கண்ணாடி தடித்துவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. மருமகள் டீ கொண்டுவந்து வைத்தாள்.

"ஏனுங் மேஸ்திரி, இத்தன வருசம் கழிச்சு ஊடு தேடி வந்திருக்கீங்கொ. பேரனுக்குக் கலியாணமுங்களா?"

"இல்லீங்க பாய். ஒரு தப்பு சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். துருத்தியை, வெளுத்ததை, மேற்குப் பாதிக்கு வெளுக்காமல் போட்டதை, திரும்பத் தோண்டியபோதும் வெளுக்காததையே போட்டதை. மண்டபத்தில் அந்தத் தம்பி சொன்னதை, கோயிலில் பூக் கேட்டதை. "உங்க பேரைக் கெடுத்தது நானாத்தான் இருக்கோணுமுங்க பாய். எல்லாத்துக்கும் தெரியறாப்பல மலர்ல எழுதிப்போடறேனுங்க. உங்க பேரு உங்களுக்கு வரட்டும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இந்த வயதில் வெட்கம் என்ன?

பாய் டீயை எடுக்கவில்லை.

"அன்னைக்கு நானெதுக்குங்க பேசாம போனேன்?"

"மனசு நொந்துட்டீங்கன்னுதான்..."

"இல்லீங்க. அந்த மொத லோடு வர்றப்போ பல்லடம் முக்குல தூத்தல் போட்டுச்சுங்க. வண்டிப் படுதா கிழிஞ்சிருந்துச்சு. கல்லு நனைஞ்சு ஓரம் மாவாச்சு. திருப்பி ஓட்டீட்டுப் போயி வேற லோடு ஏத்தோணும். ஏத்தலீங்க. மேஸ்திரி நம்மாளு, ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு எறக்கியுட்டுட்டேன். காளவாயை மூடுனதுகூட ஆரும் வாங்காம இல்லீங்க. ரெண்டு மூணு பேரு வாங்கத்தான் வந்தாங்கொ. எனக்கே விக்கறதுக்கு மனசு வரலீங்க. இத்தன வருசமா அஞ்சு வேளையும் அதுக்குத்தானுங்க கையேந்தறேன். இப்ப வந்து நீங்க உங்குளுதுங்கறீங்கொ."

"அப்போ ஆருதானுங்க பாய்?"

"எனக்கெப்பிடிங்க தெரியும்? நானு ஒருத்தன்கிட்டக் கேட்டேன், சொல்லலை. நீங்க பூக் கேட்டீங்கொ, மாத்தி மாத்திச் சொல்லுது." சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து அத்தனை வருடம் ஆகியிருந்தது.

எழுந்தேன். எழுதலாமா கூடாதா என்று கேட்டேன். நானே காரணம் என்று எழுதிவிடுவதுதான் எனக்கு நிம்மதி என்றும் சொன்னேன்.

"எழுதுங்கொ. உங்க சாம்பலையும் எழுதுங்க, வேண்டாங்கலை. ஆனா அந்தத் தூத்தலையும் எழுதிப்போடோணும். அதை உட்டுட்டு எழுதி என்ற பேரைத் திருப்பிக் குடுத்தீங்கன்னா, அது என்ற பேரு இல்லீங்க மேஸ்திரி, வேற ஆருதோ."

பஸ்ஸில் வரும்போது தலையில் இருந்த பாரம் இறங்கியதா, இன்னும் ஏறியதா என்றே தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஊரில் இன்னமும் காசிம் பாயின் சுண்ணாம்பால் தரை பிளந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். சாம்பலை வெளுத்தவன் நான். அது தரையைக் கெடுத்திருக்கலாம். பல்லடம் முக்கில் அன்றைக்குத் தூறலும் போட்டிருக்கிறது.